ருஃபீனோ ஐயாவுக்குச் செய்த தொப்பி

செவேரோ தார்க்கி நாற்பத்தோரு வருடமாகத் தொப்பி செய்கிறார். லா பாஸ் என்ற மலை நகரில் கல்லறைத் தோட்டத்தைத் தாண்டி மேலே ஏறும் சரிவில் அவர் கடை. பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் என் கடை. தொப்பியைச் சுற்றிக் கட்டும் ரிப்பன், குஞ்சம், ஊசி நூல் விற்கிறேன். பெயர் பெத்ரோனா. இருபத்திரண்டு வருடமாக அவர் தும்மினால்கூட எனக்குக் கேட்கும். அவரைப் பற்றிச் சொல்ல என்னைவிடத் தகுதியானவர் கிடையாது. அவரைக் கேட்டால், அந்தத் தகுதி தனக்குத்தான் என்பார்.

அட்டை போல் அழுத்திய கம்பளியை ஆவியில் காட்டி, மர அச்சின் மேல் இழுத்து, கயிறு கட்டிக் காயவைப்பார். அரக்குக் கரைசல் பூசி விறைப்பாக்குவார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, விளிம்புக்கு இஸ்திரி போட்டு வளைப்பார். சாயங்காலம் பார்த்தால் கை இரண்டும் வேகவைத்தது போலிருக்கும். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனி அச்சு. அச்சின் அடியில் பெயர் எழுதியிருக்கும். ஆள் செத்துப்போனாலும் அச்சைத் தூக்கிப் போடமாட்டார். அந்தக் குடும்பத்தில் யாருக்காவது அதே தலை வாய்க்கலாம் என்பார்.

அளவுநாடா தொடமாட்டார். வாசலில் ஆள் நுழைந்து முக்காலிக்கு வருவதற்குள் அவர் வேலை முடிந்துவிடும். "உக்கார வேண்டாம், பாத்தாச்சு" என்பார். தொப்பி வாங்கிப்போனவர் திரும்பி வந்து குறை சொன்னால் அதற்கும் பதில் தயார்.

"தொப்பி சரியாத்தான் இருக்கு. உன் தலைதான் இன்னும் பழகல."

ஒரு முறை வானொலியிலிருந்து ஒரு பெண் வந்து, "உங்க கற்பனையெல்லாம் எங்கேருந்து சார் வருது?" என்று கேட்டாள். "கேபிள் கார்லேருந்து" என்றார். அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சிவப்புக் கேபிள் காரில் மேலும் கீழும் நாலு தடவை போய்வருவார். மேலே இருந்து பார்த்தால் தெருவில் முகம் தெரியாது, தொப்பி மட்டும் தெரியும். ஒருத்தி கோபத்தில் போகிறாளா கல்யாணத்துக்குப் போகிறாளா என்பதைத் தொப்பி ஆடுவதை வைத்தே சொல்லிவிடலாமாம். தெருவில் சூடான சோளக்கஞ்சி விற்பவளின் அலுமினியப் பானை விளிம்பு ஒரு நாள் அவர் மனசைத் தொட்டுவிட்டது. அந்த வருடம் எல்லாருக்கும் அதே விளிம்பு. மழைத் தண்ணீர் நேரே முதுகில் இறங்கியது. முதுகு பழகவில்லை என்றார்.

இப்படியே காலத்தை ஓட்டியிருப்பார், நிக்கனோரா அக்கா மட்டும் வந்திருக்காவிட்டால்.

நிக்கனோரா வெங்காய மொத்த வியாபாரி. திருவிழாவில் ஆடும் ஒரு நடனக் குழுவுக்குத் தலைவி. எண்பது பெண்கள். வருடா வருடம் எண்பது தொப்பியும் செவேரோவிடம்தான். அவருடைய பாதி வருட வேலை அதுதான். போன செப்டம்பரில் வந்து, இந்த முறை ருஃபீனோ ஐயாவுக்கும் ஒன்று வேண்டும் என்றாள்.

ருஃபீனோ ஐயா ஒரு மண்டையோடு. எங்கள் ஊரில் பல வீடுகளில் இப்படி ஒருவரைக் காவலுக்கு வைத்துக் கும்பிடுவோம். நிக்கனோரா வீட்டுக் காவல் முப்பது வருடமாக அவர் பொறுப்பு. நவம்பர் எட்டாம் தேதி எல்லாரும் தங்கள் வீட்டு மண்டையோட்டைப் பூ வைத்து, தொப்பி போட்டுக் கல்லறைத் தோட்டத்துக்கு எடுத்துப் போவோம். பாட்டு வைத்து நன்றி சொல்லிக் கூட்டி வருவோம். இத்தனை நாள் ருஃபீனோ ஐயாவுக்குப் பின்னல் குல்லாதான். இவ்வளவு உழைத்தவருக்குக் கடையில் செய்த நல்ல தொப்பி ஒன்று வேண்டாமா என்று நிக்கனோராவுக்குத் தோன்றியிருக்கிறது. நியாயம்தான்.

செவேரோ அவள் வீட்டுக்குப் போனார். ஐயா கண்ணாடிப் பெட்டியில் இருந்தார். இவர் வாசற்படியில் நின்றே "பாத்தாச்சு" என்று திரும்பிவிட்டார். அக்டோபர் தொடக்கத்திலேயே தொப்பி போய்ச் சேர்ந்தது. சாம்பல் நிறம், கறுப்பு ரிப்பன். ரிப்பன் என்னுடையது. அதில் ஒரு குறையும் இல்லை.

பத்து நாள் கழித்து நிக்கனோரா வீட்டில் திருட்டு. இரண்டு காஸ் சிலிண்டர், ஒரு டிவி, ஒரு மூட்டை உருளைக்கிழங்கு வற்றல். மறுநாள் காலை கண்ணாடிப் பெட்டியோடு அவள் எங்கள் சரிவில் ஏறி வந்தாள். பெட்டியைச் செவேரோவின் மேசையில் வைத்தாள்.

"செவேரோ, உன் வேலையோட லட்சணத்த நீயே பாரு."

பார்த்தோம். தொப்பி ஐயாவின் கண்குழி இரண்டையும் மூடி, மூக்குக்கிட்ட வந்து உட்கார்ந்திருந்தது.

"முப்பது வருசமா ஒரு திருடன் எங்க வீட்ட எட்டிப் பாத்ததில்ல. முந்தின நாளே ஐயா கனவுல வந்து சொல்லிடுவாரு. இந்தத் தடவ ஒரு வார்த்தை சொல்லல. எப்படிச் சொல்லுவாரு? நீதான் கண்ணக் கட்டிட்டியே!"

"போலீஸ்ல சொன்னீங்களாக்கா?" என்று கேட்டேன்.

"அவங்க கண்ணத் தொறந்து வச்சுக்கிட்டே இதுவரைக்கும் என்னத்தப் பாத்தாங்க?"

செவேரோ வழக்கம்போல ஆரம்பித்தார். "தொப்பி சரியாத்தான்க்கா இருக்கு. தலைதான் இன்னும்..."

அதற்கு மேல் போகவில்லை. பழகிக்கொள்ள ருஃபீனோ ஐயாவிடம் இனி என்ன இருக்கிறது? அப்போதுதான் எனக்கும் விளங்கியது. நாற்பத்தோரு வருடமாக முடியும் சதையும் காதும் உள்ள தலைகளையே பார்த்த கண். வாசலில் நின்று மண்டையோட்டைப் பார்த்தபோதும் அந்தக் கண் தானாகவே ஒரு கன்னத்தையும் காதையும் ஒட்டவைத்துவிட்டது. அப்படி ஒட்டவைத்த ஆளுக்குத் தொப்பி கச்சிதமாக இருந்திருக்கும்.

நிக்கனோரா மேசையில் தட்டினாள்.

"எட்டாந்தேதிக்குள்ள வேற தொப்பி. அன்னைக்குக் கல்லறைத் தோட்டத்துல என் எண்பது பொண்ணுங்க முன்னாடி, வாயத் தொறந்து ஐயாகிட்ட மன்னிப்புக் கேக்கணும். மாட்டேன்னா எண்பது தொப்பியும் சந்தைக்குக் கீழ தொப்பிக் கடை போட்டிருக்கிறவன்கிட்ட போகும். கண்ணக் கட்டுற தொப்பிக்காரன்னு ஊரே பேசும். பேச வைப்பேன்."

அளவெடுக்க ஐயாவை நாலு நாள் கடையிலேயே விட்டுப் போனாள். ஐயாவுக்குக் காலையில் ஒரு சிகரெட், மத்தியானம் ஒன்று, மெல்லக் கோக்கா இலை, எதையும் மறக்கக்கூடாது என்று போகும்போது சொன்னாள்.

தொப்பி பெரிய விஷயமில்லை. மன்னிப்புதான் தொண்டையில் நின்றது. நாலு நாளும் பலகைக்கு அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்தேன். செவேரோ ஐயாவின் தலையில் நூல் சுற்றினார். நாலு தொப்பி செய்து மூன்றைத் தூக்கிப் போட்டார். ஒவ்வொன்றையும் வைத்துவிட்டு, "இறுக்குதா?" என்று கேட்பார். கொஞ்சம் பொறுத்து, "இப்போ?" என்பார். அப்புறம், "ஐயா, தொப்பியில..." என்று தொடங்கி இருமல் வந்ததுபோல் நிறுத்துவார்.

நாலாம் நாள் பலகை மேல் தலையை நீட்டினார்.

"பெத்ரோனா, தொப்பி தப்புன்னு ஒரு தடவ சொல்லிட்டா, நாப்பத்தோரு வருசத் தொப்பியும் தப்பாயிடுமே."

"எல்லாம் ஆகாதுண்ணே. பாதி ஆகும்."

அவர் சிரிக்கவில்லை. பாவமாக இருந்தது எனக்கு. வேறு வேலை தெரியாத மனுஷன்.

எட்டாம் தேதி கல்லறைத் தோட்டத்தில் கால் வைக்க இடமில்லை. எங்கு பார்த்தாலும் பூ மகுடம் வைத்த மண்டையோடுகள். சிலருக்குக் கறுப்புக் கண்ணாடி. மூன்று வாத்தியக் கோஷ்டிகள் மூன்று பாட்டு வாசித்தன. நிக்கனோராவின் எண்பது பேரும் வட்டமாக நின்றார்கள். செவேரோ புதுத் தொப்பியை ருஃபீனோ ஐயாவுக்கு வைத்தார். நெற்றியில் நின்றது. கண்குழி இரண்டும் திறந்திருந்தன.

"பாக்குறாருடி" என்றாள் ஒருத்தி.

"ம், இப்ப வாயத் தொற" என்றாள் நிக்கனோரா.

செவேரோ தன் தொப்பியைக் கழற்றினார். இத்தனை வருடத்தில் அவர் வெறுந்தலையை நான் பார்த்ததே இல்லை. வழுக்கை. அதைச் சுற்றி ஆழமாக ஒரு சிவப்புத் தடம். அவர் தொப்பி அவரையே அப்படிக் கடித்திருக்கிறது.

"ஐயா," என்றார். இந்த முறை இருமவில்லை. "தொப்பிதான் தப்பு. உங்க தல சரி. மன்னிச்சுக்குங்க."

நிக்கனோரா ஒரு சிகரெட்டைப் பற்றவைத்து ஐயாவின் பல்லிடுக்கில் செருகினாள். எண்பது பேரும் மூச்சு விடாமல் பார்த்தோம். நான் எண்பத்தோராவது ஆள். கடைசிவரை எரிந்தது, சாம்பல் உதிரவில்லை.

"ஏத்துக்கிட்டாரு" என்றாள் நிக்கனோரா. "செவேரோ, அடுத்த வருசத்துக்கு எண்பது தொப்பியும் ஊதா நிறம். மத்தக் குழுக்காரங்ககிட்ட மூச்சு விடாத."

மறுநாள் காலை அவர் கடை திறப்பதற்கு முன்பே வாசலில் பத்துப் பதினைந்து பெண்கள் நின்றார்கள். எல்லார் கையிலும் பிளாஸ்டிக் பையில் ஒரு தொப்பி. முதலில் நின்றவள் சொன்னாள், "என்னுதும்தான் அண்ணே. பதினாலு வருசமா காதுக்கு மேல குத்துது." அடுத்தவளுடையது குனிந்தால் விழுமாம். அதற்கடுத்தவள், அதைப் போட்டாலே மாமியார் மேல் கோபம் வருகிறது என்றாள். கழற்றினாலும் வருகிறதா என்று பார்க்கச் சொன்னார் செவேரோ. ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்தார். யாரிடமும் தலையைப் பற்றிப் பேசவில்லை.

அவர் செய்த தொப்பியைப் போட்டபடி நானும் கடைசியில் நின்றேன். தலை நிமிர்ந்தவர் என்னைப் பார்த்துத் திகைத்துப்போனார்.

"நீயுமா? இருபத்திரண்டு வருசமா பக்கத்துலயே இருக்க. ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னா என் தலையத்தான குத்தம் சொல்லியிருப்பீங்க."

அவர் எழுந்து வந்து என் தொப்பியைத் தானே கழற்றினார். இடப்பக்கம் காதுக்கு மேலே விரலால் மெல்லத் தொட்டு, "இங்கயா வலிக்குது?" என்று கேட்டார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது, அழுகையும் வந்தது. செத்தவரிடம் நாலு நாளில் கேட்டதை உயிரோடிருப்பவளிடம் கேட்க இவருக்கு இருபத்திரண்டு வருடம் ஆகியிருக்கிறது.

"ஆமாண்ணே, அங்கதான்," என்றேன். "அழுத்தாதீங்க."