நடந்தே இளைத்தேன் என்று சொன்ன பொய்

மருத்துவர் எழுதிக்கொடுத்த ஊசியை வாரம் ஒருமுறை வயிற்றில் போட்டுக்கொண்டுதான் நான் பதினான்கு கிலோ குறைந்தேன். அது என் கணவருக்கு மட்டுமே தெரியும். தேவாலயப் பாடகர் குழுவில் என்னோடு பாடும் ஸ்டெல்லா, "எப்படிக்கா இப்படி இளைச்சீங்க?" என்று கேட்டபோது, "தினமும் வாக்கிங், ராத்திரி சோறு சாப்பிடுறதில்ல, அவ்வளவுதான்லா" என்றேன். ஊசி என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

அவள் அதை அப்படியே நம்பிவிட்டாள். சிங்கப்பூரின் செங்காங்கில், எங்கள் அடுக்குமாடி புளோக்கைச் சுற்றிக் காலையிலும் மாலையிலும் நடந்தாள். எடை குறையவில்லை என்றதும் மதியச் சோற்றையும் விட்டாள். அவள் முகம் வாடுவதைப் பார்த்தும் நான் வாய் திறக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பாட்டுப் பயிற்சியின் நடுவே மயங்கி விழுந்தாள்.

மருத்துவமனையில் அவளுக்கு டிரிப் ஏறிக்கொண்டிருந்தது. எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. கதவுவரை போவேன், திரும்பி வருவேன். கண் விழித்தவள், "உங்கள மாதிரி எனக்கு மன உறுதி இல்லக்கா" என்றாள்.

அதற்குமேல் தாங்க முடியாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"மூணு மாசமா என்னையே திட்டிக்கிட்டு இருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இரண்டு வாரம் கழித்துக் குழுவுக்குத் திரும்பினாள், என்னோடு பேசவும் செய்கிறாள். இப்போது யார் கேட்டாலும் ஊசிதான் என்று சொல்லிவிடுகிறேன். சொல்வது எளிதாகத்தான் இருக்கிறது. இவ்வளவு எளிதானதை அவளிடம் சொல்லாமல் விட்டேனே என்பதுதான் இன்னும் மனத்தை அரிக்கிறது.