கொக்கா, கோழியா?

போன கிழமை எங்கள் ஒழுங்கைச் சந்தில் நிற்கிற புளியமரம் பிழைத்துக்கொண்டது. காப்பாற்றியது யார் தெரியுமா? அந்த மரத்தின் மேல் எல்லோரையும் விடக் கோபம் வந்திருக்க வேண்டியவர்!

யாழ்ப்பாணத்து உரும்பிராயில் எனக்குப் பக்கத்து வீடு நகுலா ரீச்சருடையது. பள்ளிக்கூடம் விட்டால் அவருக்குக் கோழிகள்தான் உலகம். திடீரென்று அவை ஒவ்வொன்றாகச் சுருண்டு விழத் தொடங்கின. தாடை வீங்கியது... பச்சையாகக் கழிந்தது... காலையில் கூட்டைத் திறக்கவே அவருக்குப் பயம். மற்ற வீடுகளிலும் அதே கதை.

புளியமரத்தில் கொக்குகள் கூடு கட்டியிருந்தன. மரத்தடியில் ஒரு கொக்கும் செத்துக் கிடந்தது. போதாதா? நோயைக் கொண்டுவந்தது கொக்குத்தான் என்று தீர்ப்பாகிவிட்டது. கோழிகளில் பாதியைப் பறிகொடுத்த தவராசா அண்ணை, மரம் அறுக்கிற மெஷினுக்கே ஆள் பிடித்துவிட்டார்.

ரீச்சர் மட்டும் செத்த கோழியையும் கொக்கையும் பையில் கட்டி மிருக வைத்தியரிடம் கொண்டுபோனார். இரண்டிலும் ஒரே பக்டீரியா — கோழிக் கொலரா!

"நான் அப்பவே சொன்னனான்" என்றார் தவராசா அண்ணை. மெஷினும் வந்து நின்றது. மரத்தடியில் எல்லோரும் கூடிவிட்டோம்.

ரீச்சர் பதறவில்லை. இந்தக் கிருமி காட்டுப் பறவையிலிருந்து கோழிக்கும் வரும், கோழியிலிருந்து பறவைக்கும் போகும், யார் யாருக்குக் கொடுத்தது என்று வைத்தியராலேயே சொல்ல முடியவில்லை என்றார். பிறகு எதிரேயிருந்த வெறுங்காணியைக் காட்டினார். நாங்கள் எறிந்த கோழிகள் அங்கே நாறிக் கிடந்தன. கொக்குகள் புழு பொறுக்கிக்கொண்டு நின்றன.

"அண்ணை, செத்த கோழியளை உதுக்குள்ளை எறிஞ்சது ஆர்? கொக்கோ?"

எல்லோரும் காணியைத் திரும்பிப் பார்த்தோம். ரீச்சர் மரத்தைக் காட்டினார்.

"கூட்டுக்குள்ளை குஞ்சுகள் இருக்கு. கொஞ்சம் பொறுங்கோ. என்ரை கோழியள் எழும்பாட்டி, நானே மரத்தை அறுக்கச் சொல்லுறன்."

தவராசா அண்ணை மரத்தை அண்ணாந்து பார்த்தார். "சரி ரீச்சர், பாப்பம்" என்று மெஷின்காரரைத் திருப்பி அனுப்பினார்.

அன்று பின்னேரமே ஆழமாகக் கிடங்கு வெட்டி, சுண்ணாம்பு போட்டு, எல்லாவற்றையும் புதைத்தோம். வைத்தியர் தந்த மருந்தை ஒவ்வொரு வீட்டிலும் கோழிகளின் தண்ணீரில் கலந்தோம். தீனிக்கும் தண்ணீருக்கும் பறவைகள் வராதபடி வலை கட்டினோம். ரீச்சர் தைரியமாகத்தான் நடமாடினார். ஆனால் வேலியோரம் வந்து, "அவசரப்பட்டுச் சொல்லிப்போட்டனோ?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

முதலில் இன்னும் சில கோழிகள் போயின. பிறகு ஒரு காலை... ஒன்றும் சாகவில்லை. மறுநாளும் இல்லை. கடைசியில் ஒருநாள் ரீச்சர் வீட்டுப் பேடு ஒழுங்கை முழுக்கக் கேட்கக் கொக்கரித்தது. முட்டை! தவராசா அண்ணையே போன் எடுத்து, மெஷின் இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

இன்று காலை கொக்குக் குஞ்சுகள் கிளை விட்டுக் கிளை பறந்து பழகின. ஒழுங்கையே நின்று பார்த்தது!

நோய் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் நம் விரல் உடனே வானத்தைக் காட்டுகிறது... அதைச் சும்மா ஒருதரம் நம் வீட்டு வளவுப் பக்கமும் திருப்பிப் பார்க்கலாமே!