கற்பிட்டியில் தப்பி ஓடிய ஹீலியம்

கற்பிட்டிக்கு அப்பால் கடலடி ஒரு விளிம்போடு முடிகிறது. அறுபது மீற்றர் ஆழத்தில் பாறை நின்றுவிட, அதற்குக் கீழே நீலத்தைத் தவிர ஒன்றுமில்லை. போன வருடம் அதைப் பார்த்துவிட்டு வந்து நண்பன் இர்ஷாத்திடம் வாய் ஓயாமல் சொன்னேன். அதன் பலன், இந்தப் பெப்ரவரியில் அவனையும் கூட்டிக்கொண்டு மறுபடி போகவேண்டியதாயிற்று.

இர்ஷாத் புத்தளத்தில் வளர்ந்தவன். தொண்ணூறில் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது மன்னாரை விட்டு வந்த குடும்பம். பயிற்சியெல்லாம் முடித்தும் நாற்பது மீற்றருக்குக் கீழே அவன் போனதில்லை. அந்த ஆழத்தில் சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் தலை கிறுகிறுத்துப் போதை ஏறும். அதனால் ஹீலியம் கலக்கவேண்டும். நம் நாட்டில் அது லேசில் அகப்படாது. கிடைத்தது எங்கள் இருவருக்கும் ஒரே ஒரு முக்குளிப்புக்குத்தான் போதும். தவறினால் அடுத்த பருவம்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

ஹீலியம் கலந்து நிரப்பிய சிலிண்டர்களோடு காலை ஐந்து மணிக்குக் கொழும்பிலிருந்து ஒரு வான் வண்டியில் புறப்பட்டோம். சிலாபத்தில் பாணும் சம்பலும். ஏறத்தாழ நூற்று முப்பது கிலோமீற்றரில் பாலாவிச் சந்தி. அங்கே இடப்பக்கம் திரும்பி, உப்பளங்களையும் நுரைச்சோலைப் புகைபோக்கியையும் தாண்டி இன்னும் நாற்பது. யுத்த காலத்தில் இத்தனை சிலிண்டர்களோடு ஒரு சோதனைச் சாவடியைக் கடந்திருக்க முடியுமா? இப்போது எட்டிப் பார்த்த கடற்படைக்காரர், பலூன் ஊதவா என்று கேட்டுச் சிரித்துவிட்டு விட்டுவிட்டார்.

இங்கே கருவியைப் பற்றிக் கொஞ்சம். முதுகில் இரண்டு சிலிண்டர். அவற்றைத் தனித்தனியாகவே சுமக்கலாம். அல்லது மெனிபோல்ட் என்கிற குறுக்குக் குழாயால் இணைத்து, இரண்டிலிருந்தும் சேர்த்துச் சுவாசிக்கலாம். இணைத்தால் நடுவில் ஒரு திருகு இருப்பது நல்லது. ஒரு பக்கம் ஒழுகினால் அதை மூடி மறுபக்கத்தைக் காப்பாற்றலாம். நாங்கள் அந்த வகையைத்தான் வைத்திருக்கிறோம். வழியில் நடுத்திருகை மூடியே கொண்டுபோவது எங்கள் பழக்கம்.

கற்பிட்டியில் சபீர் நானாவின் கொம்பிரசர் கொட்டில். கடலட்டை பிடிக்கக் கடலில் இறங்குபவர்களுக்கு அவர்தான் காற்று நிரப்பிக் கொடுக்கிறார். வெயிலில் சிலிண்டரை நிறுத்த அவர் விடமாட்டார். எங்களுடையவற்றையும் வாயை மூடச் சொல்லி, சீமெந்துத் தொட்டித் தண்ணீருக்குள் முழுதாக இறக்கினார். மறுநாள் விடிந்ததும் அவர் குரல் கேட்டது.

"தம்பி, இங்க வந்து பாருங்க. ஒங்கட காத்து களவா ஓடுது."

தண்ணீர் ஆடாமல் கிடந்தது. இர்ஷாத்தின் குறுக்குக் குழாய் வலது சிலிண்டரோடு சேரும் இடத்திலிருந்து, நூலில் கோத்தாற்போல் பொடிப்பொடிக் குமிழிகள் மேலே வந்துகொண்டிருந்தன. அவ்வளவு அழகாக இருந்தது, பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். கொழும்பில் சாதாரணக் காற்றை நிரப்பிச் சவர்க்கார நீர் பூசிச் சோதித்தபோது ஒரு குமிழியும் வரவில்லையே! ஹீலியத்தின் நுண்மை அப்படி. அழுத்தத்தை அளந்து பார்த்தோம். இடப்பக்கம் இருநூறு பார் அப்படியே இருந்தது. வலப்பக்கம் நூற்று எழுபது.

"நடுவுல மூடிட்டே போவம் மச்சான். இடப்பக்கம் முழுசா இரிக்கிதானே" என்றான் இர்ஷாத்.

"அறுபதில வச்சு வலப்பக்கம் முழுக்கப் போச்செண்டா? மேல வாற வழியில நிண்டு நிண்டு வரவேணும். அதுக்கு மிச்சம் காணாது. நான் வரமாட்டன்."

"ஒனக்கென்ன, நீ பாத்துட்டாய். கதைக்கலாம்."

சுருக்கென்று தைத்தது. ஒழுகும் ரப்பர் வளையத்தை மாற்றுவதென்றால் குறுக்குக் குழாயைக் கழற்றவேண்டும். அதற்கு இரு பக்கமும் காலியாகவேண்டும். மாற்றி வைக்கச் சுத்தமான வேறு சிலிண்டரும் இல்லை. இர்ஷாத் எழுந்துபோய், யாரையும் கேளாமல், இரண்டு வால்வுகளையும் தானே திறந்தான். அந்தச் சீறல் ஓய வெகுநேரமாயிற்று. எனக்கு அவன் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

கழற்றினால், வளையத்துக்குக் குறுக்கே சுருண்ட கறுப்பு முடி ஒன்று. இர்ஷாத்தின் கை தானாகவே தாடிக்குப் போனது.

"ஒண்டு தாடிய வை, இல்லாட்டி ஹீலியத்த வை. ரெண்டையும் வெச்சிக்க ஏலாது" என்றார் நானா. அப்போதுதான் மூவரும் சிரித்தோம்.

புது வளையம் போட்டோம். என் சிலிண்டரையும் அவனுடையதையும் ஒரு நெகிழ்குழாயால் இணைத்தேன். ஆளுக்கு நூறு பார் என்று சமமாகும்வரை என் ஹீலியம் அவன் பக்கம் ஓடியது. மீதியை நானா காற்றால் நிரப்பினார். பாதி ஹீலியத்தோடு நாற்பத்தைந்து மீற்றர்தான் எல்லை. கலவையை அளந்து அதை இருவர் சிலிண்டரிலும் எழுதி ஒட்டினோம்.

படகில் ஒரு மணித்தியாலம். இறங்கினோம். நாற்பத்தைந்தில் நின்று குனிந்தால், பதினைந்து மீற்றர் கீழே அந்த விளிம்பு தெளிவாகவே தெரிந்தது. அப்போது எங்கிருந்தோ டக், டக் என்று ஓசை. ஆழத்தில் திமிங்கிலங்கள். காதில் கேட்டதா நெஞ்சில் கேட்டதா, இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. இர்ஷாத் இறங்கிவிடுவானோ என்று பயந்து அவன் பக்கம் நீந்தினேன். அவன் ஒரு கையில் ஆழமானியைப் பிடித்துக்கொண்டு, அசையாமல் கீழே பார்த்துக்கொண்டிருந்தான். நேரம் முடிந்ததும் மேலே போவோம் என்று முதலில் சைகை காட்டியதும் அவன்தான்.

படகில் ஏறிய பிறகு சொன்னான்: "எறங்கத்தான் மனசு அடிச்சிச்சி மச்சான். மீற்றரையே பாத்துட்டிருந்தன்."

போக நினைப்பவர்களுக்கு: நவம்பர் முதல் ஏப்ரல்வரை கடல் அமைதி. படகையும் கொம்பிரசரையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். மெனிபோல்ட் வாங்குவதானால் நடுத்திருகு உள்ளதையே வாங்குங்கள். பயணத்தில் மூடுங்கள், நிரப்பும்போதும் இறங்கும்போதும் திறந்திருக்கிறதா என்று கை வைத்துப் பாருங்கள். ஹீலியம் நிரப்பியதும் ஓர் இரவு தண்ணீரில் போட்டுப் பாருங்கள். கூட வருபவரைத் தேர்ந்தெடுக்க மட்டும் என்னிடம் யோசனை எதுவும் இல்லை. எனக்கு ஆள் கிடைத்துவிட்டான்.