சந்திராஷ்டமம் பார்த்துப் போட்ட டியூட்டி சார்ட்

வேலையில் சேர்ந்த அன்று கேஷுவாலிட்டி சீஃப் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "என்ன ராசிம்மா?"

திருச்சியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. எம்.பி.பி.எஸ். முடித்த சூட்டோடு டியூட்டி டாக்டராகச் சேர்ந்திருந்தேன். ஈ.சி.ஜி. பற்றிக் கேட்பார் என்று விழுந்து விழுந்து படித்துவிட்டுப் போயிருந்தேன்.

"எங்க வீட்ல ராசியெல்லாம் பாக்கறதில்ல சார். தென்னூர்ல பள்ளிவாசலுக்குப் பின்னாடி வீடு."

"ரொம்ப நல்லதாப் போச்சு!" என்றார். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. ஏன் மலர்ந்தது என்பது டியூட்டி சார்ட் வந்தபோதுதான் புரிந்தது.

சீஃப் ஸ்ரீரங்கத்துக்காரர். கெட்டிக்கார டாக்டர். ஆனால் ராசிக்கு எட்டாம் இடத்தில் சந்திரன் நிற்கும் நாட்களில் ஒரு டாக்டரை உட்கார வைத்தால் கேஸ் வந்து குவியும் என்பதில் அவருக்குத் துளியும் சந்தேகம் கிடையாது. மாதாமாதம் எல்லா ராசிக்கும் இரண்டு மூன்று நாள் இந்தச் சந்திராஷ்டமம் வரும். அந்த நாட்களில் அந்தந்த டாக்டருக்கு ஆஃப். அவர்களுக்குப் பதிலாக ராசியே இல்லாத நான்.

நைட் பார்த்தால் மறுநாள் ஆஃப், வாரம் ஒரு நாள் ஆஃப் என்று சேரும்போதே ஆபீசில் சொல்லியிருந்தார்கள். எனக்கு இரண்டுமே வரவில்லை. கேட்கக் கூச்சம். வந்ததும் ரூல் பேசினால் சோம்பேறி என்று பெயர் வந்துவிடுமே! ஒரு நாள் பேஷண்ட்டுக்கு பிரஷர் பார்க்கப் போய், பட்டையை என் கையிலேயே கட்டிக்கொண்டு பம்ப் அடித்தேன். அவர் பாவம், தன் கையை நீட்டியபடியே காத்திருந்தார்.

அடுத்த சார்ட்டில், என் அக்காவின் நிக்காஹ் நாளிலும் என் பெயர். அன்று கூட வேலை பார்க்கும் ரங்கநாயகிக்குச் சந்திராஷ்டமமாம். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"நான் வரேன்டி உனக்குப் பதிலா. சார்தான் விட மாட்டார்" என்றாள் ரங்கநாயகி.

நேரே சீஃபிடம் போனேன். ரூலைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"சார், எனக்கு ராசி இல்லாம இல்ல. தெரியாது, அவ்வளவுதான். அப்ப என்னைக்கு வேணாலும் எனக்குச் சந்திராஷ்டமம் இருக்கலாமே?"

சீஃப் பேனாவைக் கீழே வைத்தார்.

"சமயபுரம் போயிட்டு வந்த வேன்ல எல்லாரும் சிராய்ப்போட வந்தாங்களே, அன்னிக்கு யாரு டியூட்டி?"

"நான்தான் சார்."

"கல்யாணச் சாப்பாடு ஒத்துக்காம ஒரு பந்தியே வந்து படுத்துதே, அன்னிக்கு?"

"நான்தான் சார்."

"பெருமாளே!" என்றார்.

எல்லா நாளும் நான்தானே இருந்தேன், வேறு யார் இருப்பார்கள்? அதை நான் சொல்லவில்லை.

நிக்காஹ் அன்று என் டியூட்டியைப் பார்க்க சீஃபே உட்கார்ந்தார். மண்டபத்தில் பிரியாணி பரிமாறும் நேரத்தில் அவரிடமிருந்து போன். இரைச்சலில் காது கேட்காமல் ஸ்பீக்கரில் போட்டேன்.

"அவசரம் ஒண்ணும் இல்லம்மா. நீ பொறந்த நேரத்தை மட்டும் வீட்ல கேட்டுச் சொல்லு. அடுத்த மாசச் சார்ட் அப்படியே நிக்கறது."

பக்கத்தில் நின்ற அம்மா போனை வாங்கிக்கொண்டார்.

"பொறந்த நேரமெல்லாம் ஞாபகம் இல்லீங்க. எம்பொண்ணு தூங்குற நேரத்தைக் கேளுங்க, சொல்றேன். உங்ககிட்ட வந்ததுலேர்ந்து சோத்துத் தட்டு முன்னாடி உக்காந்தே தூங்குறா. நைட் பாத்தா மறுநாள் லீவாமே, அந்த லீவு எங்கங்க சார்?"

சீஃப் மெதுவாக, "தப்புதாம்மா" என்றார்.

அடுத்த சார்ட்டில் எல்லோருக்கும் முதலில் ஆஃப் போட்டிருந்தார். மிச்ச நாட்களில்தான் சந்திராஷ்டமம் பார்த்தார்.

புதிதாக வரும் டாக்டர்களே, சாமர்த்தியமாகப் பேசினால் ஒரு நாள் லீவு கிடைக்கும். என் ஆஃப் எங்கே என்று நேராகக் கேட்டால்தான் மாதாமாதம் கிடைக்கும். கேட்கக் கூச்சமாக இருந்தால் சொல்லுங்கள், அம்மாவிடம் போனைக் கொடுக்கிறேன்.