விமானத்துக்கு ஒரு தக்கை

ராயபுரத்தில் ஃபைபர் படகுகளைப் பழுதுபார்ப்பவர் அவர். தாடியில் எப்போதும் ஃபைபர் தூள் ஒட்டியிருக்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, செல்போனில் இருந்த வரைபடத்தைப் பார்த்து, அந்தக் காலத்து இரட்டை இறக்கை விமானம் ஒன்றை முழ நீளத்தில் செய்துகொண்டிருந்தார். இறக்கைகளுக்கு நடுவே தூண்டில் நரம்பை இழுத்துக் கட்டியிருந்தார். எந்த அளவும் பிசகவில்லை. ஆனால் படகுக்கு வைப்பதுபோல் அடியில் ஒரு துளை, அதில் சின்னத் தக்கை.

"படத்துல இது இல்லியே?" என்றேன்.

"ஓட்றவன் குந்துற எடம் மேல தொறந்து கீது. மழ பேஞ்சா தண்ணி எப்டி போவும் நைனா? வரைஞ்சவன் மறந்துட்டான்."

தக்கையில் ஒரு நூல் கட்டி, ஓட்டுபவரின் இருக்கைவரை கொண்டுவந்திருந்தார். அங்கே உட்கார யாரும் வரப்போவதில்லை. ஆனாலும் கைக்கு எட்டுகிறதா என்று சுண்டுவிரலை உள்ளே விட்டு, இரண்டு முறை இழுத்துப் பார்த்துக்கொண்டார்.