மொசைக் போட்ட முகம்

தென்காசியில் ஒரு ஸ்டுடியோவில் உமா மகேஸ்வரி ஆல்பம் டிசைன் பண்ணுகிறாள். புருஷன் விட்டுவிட்டுப் போனபின் பிடித்துக்கொண்ட வேலை. கடையநல்லூர் முஸ்லிம் கல்யாணங்கள் அவளைத் தேடித்தான் வரும். வீட்டுப் பெண்களின் படம் ஆம்பளை கைக்குப் போகக் கூடாது என்பவர்களுக்கு அவள் வசதி. வாட்ஸப்பில் அனுப்பும் படங்களில் பெண்களின் முகத்தை மட்டும் கட்டம் கட்டமாக்கிவிடுவாள். நெற்றியிலிருந்து தாடை வரை ஒரு வட்டம், மொசைக், அடுத்த படம். சேலையும் நகையும் பளிச்சென்று இருக்கும்.

"எங்க மூஞ்சிய அழிக்கதுக்கா ஒங்களுக்குச் சம்பளம்?" என்று மணப்பெண்கள் கேலி பண்ணுவார்கள்.

"லட்சணமா இருந்தா நான் ஏன் அழிக்கேன்?" என்பாள்.

அப்படி ஆல்பம் போட்டுக்கொண்டவள்தான் ஹம்னா. குற்றாலத்துச் சாரல் இங்கே வரை அடித்த ஒரு மத்தியானம், துப்பட்டா முனையை வாயில் அடக்கிக்கொண்டு வந்து நின்றாள். சவுதியில் அவள் அண்ணன் ஒலி முகம்மது லாரி மோதி இறந்துவிட்டான். அங்கேயே அடக்கம் பண்ணப்போகிறார்கள். கூட வேலை பார்ப்பவர்கள் படம் அனுப்பியிருந்தார்கள். இடது பக்கம் முகமே இல்லை.

"மய்யித்து முகத்தப் பாத்தே ஆவணும்னு உம்மா அடம் புடிக்காவ. இத எப்படிக்கா காட்டுவேன்? மறைச்சுத் தாங்க."

உமா இடது கன்னத்தை மட்டும் மறைத்துப் பார்த்தாள். மிச்சப் பாதி இன்னும் கோரமாகத் தெரிந்தது. கை பழக்கத்துக்குப் போய்விட்டது. நெற்றியிலிருந்து தாடை வரை, முழுசும் மொசைக். ஹம்னா பார்த்துத் தலையாட்டினாள். போனிலிருந்த மறைக்காத படத்தை அங்கேயே அழித்தாள். உம்மா கண்ணில் பட்டுவிடக் கூடாதாம்.

மறுநாள் உம்மா ஹைருன் பீவியே வந்துவிட்டாள், பின்னால் ஹம்னா.

"இது எம்மவன் இல்ல. வேற எவனையோ காட்டி ஏமாத்துதாவ. அவனா இருந்தா மூஞ்சிய எதுக்கு மறைக்கணும்?"

"உம்மா சம்மதிச்சாத்தான் அடக்குவாவளாம் அக்கா. அண்ணன் அங்கன ஐஸ் பெட்டிலயே கெடக்கான்" என்றாள் ஹம்னா.

உமாவுக்கு அப்போதுதான் உறைத்தது. பெற்றவள் கண்டுகொள்ள மீசையைக்கூட அவள் விட்டுவைக்கவில்லை.

"கட்டத்த எடு தாயி."

"வேண்டாம்மா, தாங்க மாட்டீங்க."

"நீ பாத்துட்டு உக்காந்துதான இருக்கே. நான் பெத்தவ."

கட்டம் போட்ட படத்திலிருந்து முகத்தைத் திருப்பி எடுக்க முடியாது. மூலப் படம் இங்கே உமாவின் கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருந்தது. உமா ஹம்னாவைப் பார்த்தாள். ஹம்னா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். உமா படத்தைத் திறந்தாள்.

ஹைருன் பீவி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்தாள். மிஞ்சியிருந்த பாதியை மெல்ல மெல்லப் பார்த்தாள். அழவில்லை.

"ஷேவ் கூடப் பண்ணாம கெடக்கான்" என்றாள்.

நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தவள் மகள் பக்கம் திரும்பினாள்.

"அடக்கச் சொல்லிரு. இனி ஐஸுல போட்டு வைக்காண்டாம்."