அப்பாவாகித் திரும்பினேன்

விமான நிலையத்தில் கண்ணாடிக் கதவு திறந்ததும் என் காதில் விழுந்த முதல் சத்தம், "நைனா!" என்பதுதான். ஜெர்மனியில் அவ்வளவு சத்தமாக யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன். அக்கம்பக்கம் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என் மகள் ஓடிவந்து பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு, "இன்னா நைனா, இப்பிடி எளச்சிப் போயிட்ட? அம்மா சோறே போடறதில்லியா?" என்றாள். நான் இளைக்கவெல்லாம் இல்லை. விமானத்தில் கொடுத்தது வாயில் வைக்க விளங்கவில்லை, வழியெல்லாம் பட்டினி, அவ்வளவுதான்.

மனைவி வரவில்லை. "ஆகாசத்துல பறக்கறதுக்கு நான் இன்னா கருடனா? நீ போய்ப் பாத்துட்டு வா" என்று சொல்லிவிட்டாள். மகள் மேல்படிப்புக்காக அங்கே போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. எனக்குத் திருப்பதியில் மோட்டார் வைண்டிங் கடை. கோடையில் எரிந்துபோன போர்வெல் மோட்டார்கள் பலமனேரிலிருந்துகூட வந்து குவிந்து கிடக்கும். அதனால் மழைக்காலமாகப் பார்த்துக் கடையைச் சாத்திவிட்டுக் கிளம்பினேன்.

எங்கள் பூர்வீகம் நகரிப் பக்கம். ஆந்திராவில் இருக்கிற தமிழர்கள். வீட்டில் தமிழ், கடையில் தெலுங்கு, கோபம் வந்தால் இரண்டும். அப்பாவை நைனா என்போம், சாப்பிடுவதைத் துன்னுவது என்போம். பெற்றவனிடம் 'நீங்க' போட்டுப் பேசினால் ஏதோ மனஸ்தாபம் என்று அர்த்தம். திருப்பதியில் இது யார் காதிலும் உறுத்தியதில்லை. எங்கள் தெருவில் தெலுங்குப் பிள்ளைகள் சிலரும் தகப்பனை நைனா என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

மகள் இருந்த வீட்டில் இன்னும் இரண்டு தமிழ்ப் பெண்கள் இருந்தார்கள். ஒருத்தி சென்னை, ஒருத்தி கோயம்புத்தூர். தங்கமான பிள்ளைகள், பொய் சொல்லக்கூடாது. எனக்காக ஓர் அறையைக் காலி செய்துவிட்டு இருவரும் ஒரே அறையில் முடங்கிக்கொண்டார்கள். "அங்கிள், குளிருதா? இன்னொரு கம்பளி தரட்டுமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

முதல் சில நாட்கள் நானும் மகளும் ஊரைச் சுற்றினோம். ஆற்றங்கரையில் நின்று, "இவ்ளோ தண்ணி ஓடிக்கினு கீது, ஒருத்தன்கூட மோட்டார் போடலியே, இவங்கள்லாம் இன்னா விவசாயம் பண்றாங்கோ?" என்று கேட்டேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நீ இங்கியும் கஸ்டமர் புடிக்கலாம்னு வந்தியா நைனா?" என்றாள். சின்னப் பெண்ணாக இருந்தபோது கடையில் செம்புக் கம்பியை வளைத்து வளையல் போட்டுக்கொண்டு என்னிடம் வாயடிப்பாளே, அதே வாய். குளிரில் என் காது இரண்டும் விறைத்துப்போனாலும் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் களி கிண்டினேன். மனைவி கட்டிக்கொடுத்த ராகி மாவு, அங்கே வாங்கிய கோழி. அந்த இரண்டு பெண்களையும் சாப்பிட வரச் சொல்லியிருந்தோம். நான் கை கழுவிக்கொண்டு நின்றபோது மகள் மேஜையிலிருந்து குரல் கொடுத்தாள்.

"நைனா, கொழம்பு ஆறிப்போவுது, வா துன்லாம்!"

சென்னைப் பெண்ணுக்குப் புரையேறிவிட்டது. "ஏய், எங்க ஏரியா ஆட்டோ ஸ்டாண்டுலதான்டி இப்படிக் கூப்பிடுவாங்க. 'இன்னா நைனா, சவாரி வரியா'ன்னு!" என்று குரலை மாற்றி நடித்தே காட்டினாள். கோயம்புத்தூர்ப் பெண், "தப்பா நினைச்சுக்காதீங்க அங்கிள், சினிமாவுல காமெடி சீன் பாக்கற மாதிரியே இருக்குங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என் மகள் சிரிக்கவில்லை. அவள் முகம் சிவந்துபோயிருந்தது. தட்டில் இருந்த களியை உருட்டிக்கொண்டே இருந்தாள்.

அந்தச் சிவப்பை நான் வெட்கம் என்று நினைத்தேன். அவள் வயதில் நானும் சென்னைக்குப் போனவன்தான். வைண்டிங் கற்றுக்கொள்ளப் போன பட்டறையில், என்னைத் திரும்பத் திரும்பப் பேசச் சொல்லிச் சிரிப்பார்கள். டீ வாங்கக்கூட வாயைத் திறக்காமல் விரலைக் காட்டிய காலம் அது. அதே சிரிப்பு இப்போது என் மகளின் சமையலறைக்கே வந்து உட்கார்ந்திருப்பதாக எனக்குப் பட்டது. எனக்கு மூக்கின் மேல் கோபம். என் கடையாக இருந்தால் இரண்டு மொழியிலும் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார்கள். ஆனால் இவர்களோடு நாளைக்கும் இருக்கப்போகிறவள் அவள். அதனால் ரொம்ப நல்லவனாகிவிட்டேன்.

"அவங்க சொல்றது சரிதாம்மா. இனிமே நீயும் அப்பான்னே கூப்பிடு. அதுதான் கேட்க நல்லா இருக்கும்" என்றேன். சிரித்துக்கொண்டே, துடைத்து வைத்த தமிழில்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "நெஜமாவா சொல்ற?"

"ஆமாம்மா."

சாயங்காலம் என் அறை வாசலில் வந்து நின்று, "அப்பா, டீ போடட்டுமா? உங்களுக்குச் சக்கரை எவ்வளவு?" என்று கேட்டாள். பத்து வயதிலிருந்து எனக்கு டீ போட்டுக் கொடுக்கிறவள் அவள். நான் அதையும் கவனிக்கவில்லை. சொன்னதும் கேட்டுக்கொண்டாளே என்று பெருமைதான் பட்டேன்.

ஒரு வார்த்தைதான் மாறும் என்று நினைத்திருந்தேன். நைனா போனபோது கூடவே 'நீ'யும் போய்விட்டது. 'நீ' போனதும் வாயடிப்பதும் நின்றுவிட்டது. நானும் என் பங்குக்குத் துன்னுவதை விட்டுவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தேன். மிச்ச நாட்களில் வாங்க, உட்காருங்க, பரவாயில்லை என்று இரண்டு பேரும் சம்பந்தி வீட்டுக்கு வந்தவர்கள்போல் நடந்துகொண்டோம். கிளம்பும் நாளில், வரும்போது நைனா என்று கத்தி ஊரைக் கூட்டிய அதே விமான நிலையத்தில், மெதுவான குரலில், "போயிட்டு வாங்கப்பா, உடம்பைப் பாத்துக்கோங்க" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் இதை ஒரு சாமர்த்தியம்போலச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது.

"உனக்கு அறிவு கீதா? அங்க போன புதுசுலயே, போன்ல நைனான்னு பேசறதுக்கு அதுங்க கேலி பண்ணிச்சிங்கோன்னு இவ சண்ட போட்டு, பேசாமகூட இருந்தா. 'எங்க நைனாவ நான் நைனான்னுதான் கூப்புடுவேன், இஷ்டம் இருந்தா கேளு, இல்லன்னா காதப் பொத்திக்கோ'ன்னாளாம். எங்கிட்ட சொல்லிச் சொல்லிச் சிரிச்சா. நீ இன்னாடான்னா அதுங்க முன்னாடியே அவ மூஞ்சில கரியப் பூசிட்டு வந்துகீற."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அது வெட்கம் இல்லை, கோபம். அவள் எனக்காக வாயைத் திறக்கப்போன நேரத்தில் நான் முந்திக்கொண்டேன். பட்டறையில் எனக்கு வராத தைரியம் அவளுக்கு வந்திருந்தது. அதை நானே பிடுங்கிப் போட்டுவிட்டேன். இத்தனை தூரம் பறந்துபோனது இதற்குத்தானா என்று அன்று முழுக்க என்மேலேயே எரிச்சலாக இருந்தது.

அடுத்த முறை போன் வந்தபோது வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "அன்னிக்கி ஏதோ தெரியாம சொல்லிட்டேன்மா. நீ பழையபடி நைனான்னே கூப்புடு."

"பரவாயில்லப்பா. பழகிடுச்சு" என்றாள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுகிறாள். முதலில் அம்மாவிடம்தான் பேசுவாள். மனைவி போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அடுப்படியில் வேலை பார்த்துக்கொண்டே பேசுவாள். நான் கூடத்தில் டிவி முன்னால் உட்கார்ந்திருப்பேன். போன வாரமும் பேசினார்கள்.

"நீ துன்னியாம்மா? நைனா துன்னுச்சா? முட்டி வலி எப்பிடி கீது நைனாவுக்கு? மாத்திர போடுதா, இல்ல போட்டுட்டேன்னு டூப்பு வுடுதா?"

பிறகு மனைவி போனைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள்.

"சொல்லுங்கப்பா. நல்லா இருக்கீங்களா?"

நல்லா இருக்கிறேன் என்றேன். அவர்கள் இருவரும் பேசும்போது நான் டிவியின் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொள்கிறேன்.